மரச்சீனிக்கு நாக்குக் கொடுத்த வருஷம்

கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார என் உறவினர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். நான் அதிகம் பேசுவேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று மரச்சீனி. வெளியூர்க்காரர்கள் மரவள்ளிக்கிழங்கு என்று நீட்டி முழக்குகிற அதே பண்டம்தான். முன்பெல்லாம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அதை மூடி ஒளித்து வைப்போம். இப்போது வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் அதை மீன்கறியோடு விருந்தாளிக்கென்றே பரிமாறுகிறார். சுற்றியிருப்பவர்கள் அள்ளி அள்ளிச் சாப்பிடும்போது நான் மட்டும் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். கசப்பு வருகிறதா என்று பார்ப்பேன். வராது. அதன் பிறகுதான் அடுத்த வாய். "ஜெபம் பண்ணுகா" என்று என் கணவர் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிச் சமாளிப்பார்.

நாலு புத்தகம் படித்தவள், மேடையேறினால் இறங்கத் தெரியாதவள், ஓர் அவித்த கிழங்குக்கு இப்படி நடுங்குவது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயம் நம்முடைய படிப்பை விசாரித்துக்கொண்டு வருவதில்லை. எனக்கு அது ஒரு கிடா வழியாக வந்தது.

தக்கலையிலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில், பஸ் தனக்கு மனமிருந்தால் நிற்கிற ஓர் ஊர் எங்களுடையது. ரப்பர் எங்கள் பக்கம் முழுசாக வந்து சேராத காலம். வீட்டுக்கு வீடு விளை என்கிற தோட்டம் இருந்தது, விளை நிறைய மரச்சீனி இருந்தது. யாரும் அதை விதை போட்டு வளர்ப்பதில்லை. கம்பை முறித்து நடுவார்கள். தாய்ச்செடி எப்படியோ கம்பில் வருவதும் அப்படியே இருக்கும், முன்பின் மாறாது. விதை அப்படியல்ல. வெயிலில் காய் வெடித்துத் தெறித்து, விழுந்த இடத்தில் தானாக முளைத்து வரும் செடி தாயைப் போல இருக்காது, தகப்பனைப் போலவும் இருக்காது, தன் இஷ்டத்துக்கு இருக்கும். அப்படி முளைத்ததைக் கண்ட இடத்தில் பிடுங்கி எறிவது எங்கள் ஊர் வழக்கம். அதில் கட்டு இருக்கும் என்பார்கள். கட்டு என்றால் கிழங்கில் ஊறிக் கிடக்கும் விஷம். பெரும்பாலும் நாக்குக்குக் கசப்பாகத் தெரியும். சில சமயம் கடைசிவரை தெரியாது.

அப்படி ஒன்று எங்கள் கிணற்றடியில், யாரும் பிடுங்க மறந்து, வளர்ந்து நின்றது. மேலவீட்டு அண்ணாச்சி கிறிஸ்மஸுக்கென்று வளர்த்த கிடா ஒரு காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அதை மேய்ந்தது. வேரைக் கிளறிக் கிழங்கையும் கடித்தது. நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். கிடா மேய்வதை நிறுத்திவிட்டு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்றது. பிறகு கோயிலில் முழங்கால் போடுவதைப்போல் முன்னங்கால் இரண்டையும் மடக்கியது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை, நுரைதான் வந்தது. அண்ணாச்சி ஓடிவந்து கருப்பட்டித் தண்ணீரை வாயில் ஊற்றினார். ஊற்றியது எல்லாம் வெளியே வந்தது. "சவத்து மூதி, ஊரெல்லாம் புல்லு கெடக்க இதுலயா கொண்டு வாய வச்ச?" என்று அதைத் திட்டிக்கொண்டே அழுதார். கிடா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. என் வாயிலும் பற்பசை நுரை இருந்தது. அன்றிலிருந்து ரொம்ப நாள் நான் கண்ணாடி இல்லாத இடத்தில்தான் பல் தேய்த்தேன்.

அதன் பிறகு ஊரில் தானாக முளைத்த மரச்சீனி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் என் அத்தை மரச்சீனி விதை பொறுக்கத் தொடங்கினாள்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். தக்கலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணம் சொல்லுகிற ஆளைப் பொறுத்து மாறும். கறுப்புக் குடை, தடித்த கண்ணாடி, எதிரே வருபவரை வழிவிட வைக்கிற நடை. பல்லிக்குப் பயமில்லை, பாதிரியாருக்கும் பயமில்லை. எங்கள் வீட்டின் மேற்கு அறையில் இருந்துகொண்டு, வீட்டின் மற்ற அறைகளையும் அங்கிருந்தே நடத்தினாள்.

அவளுடைய திட்டம் எளிமையானது. மலையோரத்தில் ஒரு மரச்சீனி உண்டு. கிழங்கு தொடை பருமனுக்கு இறங்கும், மழை பொய்த்தாலும் வாடாது, ஆனால் பன்றிகூடத் தொடாத அளவுக்குக் கட்டு. எங்கள் விளையில் இன்னொன்று உண்டு. அவித்தால் பூப்போல வெடிக்கும், பச்சையாகத் தின்றாலும் இனிக்கும், ஆனால் கிழங்கு விரல் பருமனைத் தாண்டாது, வருஷந்தோறும் இலை சுருண்டு நோய் வரும். இந்த இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தால் முன்னதன் உடம்போடும் பின்னதன் குணத்தோடும் ஒரு பிள்ளை பிறக்காதா என்பது அவள் கேள்வி. விடுமுறை நாட்களில், மத்தியான வெயிலில் பூ விரியும் நேரத்துக்கு ஒன்றின் மகரந்தத்தை எடுத்துவந்து மற்றதன் பூவில் தொட்டுவிடுவாள். வேறு மகரந்தம் வண்டில் ஒட்டி வந்துவிடாதபடி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த குட்டிப் பையைப் பூவின்மேல் கட்டிவிடுவாள். விளை நிறைய வெள்ளை முடிச்சுகள் ஆடின. டீச்சர் செடிக்குத் தாயத்து கட்டுகிறாள் என்று ஊர் பேசியது. எங்கள் விளை வழியாகக் குறுக்கே போகிறவர்கள் சுற்றிப் போகத் தொடங்கினார்கள்.

"பெருசும் இனிப்புமா வரும்னு சொல்லுதியே அக்கா, சிறுசும் கசப்புமா வந்தா?" என்று அப்பா கேட்டார்.

"வரும். அதுதான் நெறய வரும். அதனாலதான் நெறய வெதைக்கணும்."

அப்பா என்னையும் அண்ணனையும் ஒருமுறை பார்த்தார். "நாங்க ரெண்டோட நிறுத்தினது தப்பாப் போச்சு" என்றார்.

விதைகள் முளைத்தன. ஒரே தாய்க்குப் பிறந்தவை என்று கர்த்தர் வந்து சொன்னாலும் நம்ப முடியாது. ஒன்றின் தண்டு சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று ஓணான் மாதிரி சாம்பல். ஒன்று குட்டை, ஒன்று கூரையைத் தொட்டது. கிணற்றடியில், அந்தக் கிடா விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நட்டது மட்டும் யானைக்கன்று மாதிரி திரண்டு வந்தது. அத்தை பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் குடை நுனியால் அதை ஒருமுறை தொட்டுவிட்டுப் போவாள்.

கிழங்கு இறங்கி, நாக்கில் வைத்துக் கட்டுப் பார்க்க வேண்டிய பருவத்தில் அவளுக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தாள். நாக்கு எழவில்லை. மீன்கறியும் கஞ்சித்தண்ணீரும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. பாகற்காயைத் தின்று காட்டி, "வெள்ளரிக்கா போலதான் இருக்கு" என்றாள். செடிகள் தயாராக நின்றன, ருசி பார்க்க ஆள் இல்லை.

ஒரு காலை உணவின்போது எங்கள் எல்லோரையும் வரிசையாகப் பார்த்தாள். அப்பாவின் நாக்கை பீடி தின்றிருந்தது. அம்மா அந்தச் செடிகளின் நிழலைக்கூட மிதிக்க மாட்டாள். அண்ணன் செங்கல்லைக் கொடுத்தாலும் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்பவன். மிச்சம் நான். பாலில் புகை வாடை, கஞ்சியில் பானை வாடை, அவியலில் அம்மாவின் கோபம் என்று எதையும் கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளி வைப்பவள். எதிர்த்துப் பேசுவதற்காக வாரம் ஒருமுறையாவது அடி வாங்கித் தந்த நாக்கு அது.

"ஏட்டி, உனக்க நாக்கு ஒரு நல்ல காரியத்துக்கும் உதவட்டு" என்றாள் அத்தை.

எனக்குக் கிடாவின் கழுத்து ஞாபகம் வந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையக் கொல்லதுக்கா பாக்குதிய மைனி? நாங் கண்ணோட இருக்கும்ப இது நடக்காது."

அத்தை எழுந்து கை கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அம்மா பின்னாலேயே சண்டைக்குப் போனாள். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். அம்மா கையை வீசிப் பேசினாள். அத்தை சின்னதாக ஏதோ சொன்னாள். அம்மா பேச்சை நிறுத்தினாள். அத்தை இன்னும் கொஞ்சம் சொன்னாள். திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. என்னைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆள், என் தலையில் கைவைத்து, "போ. ஆனா விழுங்காத, கேட்டியா" என்று மட்டும் சொன்னாள். ஆபிரகாம் தன் பிள்ளை ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன கதையை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வுநாள் பள்ளியில் சொன்னார்கள். அன்று வகுப்பில் அழுத ஒரே பிள்ளை நான். வசனம் உள்ளத்தைத் தொட்டதாக எனக்கு ஒரு பென்சில் பரிசு கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. வாரத்துக்கு ஒரு செடி. அதற்குமேல் போனால் நாக்கு மரத்துப்போகும் என்றாள் அத்தை. வெறும் வயிற்றில், வாய் கொப்பளித்துவிட்டு, கொல்லைப் படியில் உட்கார வேண்டும். அத்தை இனாமல் தட்டில் ஒரு கிழங்கும் கத்தியும் கொண்டு வருவாள். நடுவிலிருந்து காசு மாதிரி மெல்லிய வில்லையாக ஒன்று சீவித் தருவாள். மென்று, நாக்கின் பின்பக்கம் கொண்டுபோய், துப்பி, மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும்: இல்லை, கொஞ்சம், உண்டு. சொன்னதற்கேற்ப செடியில் ஒரு நிற நூல் கட்டுவாள். உண்டு என்றால் சிவப்பு.

"அவிச்சுத் திங்கதுக்குத்தானே அத்தே? அவிச்சா கட்டு போயிருமே" என்று தப்பிக்கப் பார்த்தேன்.

"மனுஷன் அவிச்சுத் தின்னுவான். ஆடு அவிச்சா திங்கும்?"

முதல் சனிக்கிழமையே நான் ஒன்றைக் கவனித்தேன். தட்டில் இருந்த கிழங்கின் ஒரு முனை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. வெட்டின இடம் காய்ந்திருந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான்.

"என்ன அத்தே, எலி கடிச்சதா?"

அத்தை கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆமா. பெரிய எலி" என்றாள்.

கட்டோடு எலியின் எச்சில் விஷமும் சேருமா என்ற புதிய கவலையை அன்று வீட்டுக்குள் எடுத்துப்போனேன்.

வெள்ளிக்கிழமை வந்தாலே மறுநாளை நினைத்துப் பயப்படத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் வீடே சரியாக இருக்காது. அத்தை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மண்வெட்டியோடு விளைக்குப் போவாள். பிறகு தலைவலி என்று நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். வாரமெல்லாம் பிள்ளைகளோடு கத்திய களைப்பு என்று அப்பா சொல்லுவார். அம்மா மட்டும் அடிக்கடி மேற்கு அறைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். மறுநாள் சாகப்போகிற என்னைக் கவனிக்காமல், தலைவலிக்காரியை இப்படிக் கவனிக்கிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் "உண்டு" என்று சொன்னால் எல்லாம் சிவப்பு நூலாகி, எல்லாம் அடுப்புக்குப் போய், நான் விடுதலையாகிவிடுவேன். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கம்பை ஊரே நடும், ஊர்ப் பிள்ளைகள் பிடுங்கின இடத்திலேயே பச்சையாகக் கடிக்கும், அத்தனை பேரும் முழங்கால் போட்டுக் கழுத்தை நீட்டுவார்கள். என் கற்பனையில் அவர்கள் எல்லோரும் சாகும்போது என்னையே பார்த்தார்கள். ஆகவே வாரந்தோறும் பயந்து, வாரந்தோறும் உண்மையைச் சொன்னேன். நேர்மைக்கு வேறு உயர்ந்த காரணங்கள் உண்டு என்று பிற்பாடு படித்தேன். நான் பார்த்தவரை பயமே போதுமானது.

வாரங்கள் போகப்போக விளையில் சிவப்பு நூல்தான் பெருகியது. "கொஞ்சம்" என்று சிலது. "இல்லை" என்று ஒன்றே ஒன்று. மதிலோரம் கோணிக்கொண்டு வளர்ந்த நடுத்தரமான செடி. கிழங்கும் நடுத்தரம். அத்தை அதற்கு வெள்ளை நூல் கட்டினாள், வேண்டாத மாப்பிள்ளைக்கு மாலை போடுகிற முகத்தோடு. அவள் மனசு முழுவதும் கிணற்றடியில் இருந்தது. அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அத்தை காப்பி குடிக்க வரவில்லை. கொல்லைக்கு வந்தபோது வெயில் இல்லாத காலையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஆசைதான் அப்படி வெளுக்க வைக்கிறது என்று நான் நினைத்தேன். செடியைப் பிடுங்க அப்பாவுக்கு ஒத்தாசையாக மேலவீட்டு அண்ணாச்சியும் வந்திருந்தார். கிடா செத்த இடத்தில் கால் வைக்கமாட்டேன் என்று இருந்தவரை, செடியின் பருமன் இழுத்து வந்துவிட்டது. இருவரும் தண்டைப் பிடித்து ஆட்டினார்கள். மண் பாளம் பாளமாக விரிந்தது. உள்ளேயிருந்து வந்தவற்றைக் கிழங்கு என்று சொல்ல நாக்கு கூசியது. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அண்ணாச்சி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தினார். அண்ணன் ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"டீச்சர், சத்தியமாச் சொல்லுதேன், இப்படியொரு சாதனத்த நான் கண்டதில்ல. கம்புல மொதப் பங்கு எனக்காக்கும், இப்பமே சொல்லிட்டேன்" என்றார் அண்ணாச்சி.

அத்தை சிரித்தாள். அத்தை சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இனாமல் தட்டு வந்தது. அதில் முந்தின நாள் ஒடித்த கிழங்கு, ஒரு முனை வெட்டப்பட்டது. பெரிய எலி இந்த முறை பெரிய துண்டாகவே தின்றிருந்தது. அத்தை எனக்குச் சீவித் தந்த வில்லையோ வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் மென்றேன். பால் சுரந்தது. இளநீர் வழுக்கை மாதிரி ஓர் இனிப்பு வாய் முழுவதும் பரவியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான், பந்தி முடிகிற நேரத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு வருகிற உறவினர் மாதிரி, நாக்கின் அடியிலிருந்து பைய வந்தது கசப்பு. வந்தது போகவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. நான் திடுக்கிட்டதில் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டேன்.

உண்டு என்றால் அத்தையின் வருஷக்கணக்கான பாடு மண். இல்லை என்றால் இன்று மத்தியானமே இங்கே நிற்கிற அத்தனை பேர் வீட்டிலும் இது. நான் எப்படியும் சாகப்போகிறேன்.

"உண்டு" என்றேன்.

அத்தை என் முன்னால் குனிந்தாள். "இன்னொருக்கா பாத்துச் சொல்லு மக்கா" என்றாள். அதுவரை அவள் என்னை மக்கா என்று கூப்பிட்டதில்லை. இன்னொரு வில்லை தந்தாள். இன்னும் மெல்லியது. நான் மென்றேன், துப்பினேன்.

"உண்டு அத்தே. கடைசிலதான் வருது. ஆனா வருது."

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து நறுக்கென்று கடித்தார். "எங்க உண்டு? கற்கண்டுல்லா! இந்தப் பொடிப்பிள்ளைக்கு என்ன தெரியும் டீச்சர்? பால்ல கசப்புண்டுன்னு சொல்லுகவ இவ."

அப்பாவும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவிச்சுத் தண்ணிய வடிச்சிட்டாப் போச்சுல்லா அக்கா. இவ்வளவு பெருசு…"

"உங்க கிடா தண்ணிய வடிச்சிட்டா தின்னுச்சு அண்ணாச்சி?" என்று அத்தை அண்ணாச்சியிடம் கேட்டாள்.

அண்ணாச்சி மென்றுகொண்டிருந்ததைத் துப்பினார்.

அத்தை வெட்டுக்கத்தியை எடுத்தாள். செடியின் கம்புகளை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து, மறுபடி நட்டு முளைக்க ஒரு கணுகூட உருப்படியாக மிஞ்சாதபடி நறுக்கினாள். அண்ணாச்சி ஒரு கம்பை எடுத்துக் கைலிக்குள் செருகப் பார்த்தார். அதையும் வாங்கி நறுக்கினாள். கிழங்கையெல்லாம் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னாள். பிறகு யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் பின்னால் நடந்தாள்.

விழுங்கிவிட்டதை யாரிடமாவது சொல்லவேண்டுமே என்று நான் பின்னாலேயே ஓடினேன். கோழிக்கூட்டைத் தாண்டியதும் நின்றேன்.

அத்தை முழங்கால் போட்டிருந்தாள். கண்ணாடி மண்ணில் கிடந்தது. கழுத்து முன்னால் நீண்டிருந்தது, வாய் திறந்திருந்தது, வாயிலிருந்து நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் ஒரு செம்பில் கருப்பட்டித் தண்ணீர். எல்லாம் அப்படியே இருந்தது, கிடாவுக்குப் பதிலாக அத்தை. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"போ ஏட்டி அங்க!" என்று அம்மா கத்தினாள்.

ஓடிப்போய் விறகுப்புரைக்குள் புகுந்துகொண்டேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் சொன்னதை அத்தை நம்பவில்லை. இரண்டாம் தடவை சொல்லச் சொன்னபோதே நம்பவில்லை. நாங்கள் பார்க்காத நேரத்தில் தானே எடுத்துத் தின்று பார்த்திருக்கிறாள். இப்போது அவளும் சாகப்போகிறாள், விழுங்கிய நானும் சாகப்போகிறேன். யார் முதலில் என்பதுதான் தெரியவில்லை. விறகுச் சந்து வழியாக அண்ணன் எட்டிப் பார்த்தான். என் பரிசுப் பென்சிலையும் சிவப்பு ரிப்பனையும் அவனிடம் நீட்டினேன்.

"எதுக்கு?"

"நான் சாகப்போறேன்."

அவன் யோசித்தான். "அப்பம் உனக்க கட்டிலு?" என்றான்.

சாயங்காலம் வரை காத்திருந்தும் மரணம் வரவில்லை, பசிதான் வந்தது. வெளியே வந்தேன். அத்தை மேற்கு அறையில் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஒரு கீறல். என்னைப் பார்த்ததும், "என்னட்டி, இன்னும் சாகலியா?" என்றாள். அண்ணன் சொல்லியிருக்கிறான். சாவுப் பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை வாரம் உயிரைப் பணயம் வைத்து நாக்கைக் கொடுத்திருக்கிறேன், முக்கியமான நாளில் என் வார்த்தையை நம்பவில்லையே.

மதிலோரத்துக் கோணல் செடியின் கம்புகளைத்தான் அத்தை ஊருக்குக் கொடுத்தாள். ஊர் அதற்கு நாக்கு மரச்சீனி என்று பெயர் வைத்தது, என்னைக் கேலி செய்ய. டீச்சரின் மருமகள் வாயால் நாசமான அந்தக் கிணற்றடிக் கிழங்கைப் பற்றி அண்ணாச்சி ஆள் கிடைக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். ஆனால் நாக்கு மரச்சீனியையும் நட்டார். அவருடைய அடுத்த கிடா ஒருநாள் அந்தக் கிழங்கைத் தோலோடு வயிறு முட்டத் தின்றுவிட்டு, போதாதென்று கொடியில் காய்ந்த அண்ணாச்சியின் வேட்டியையும் தின்னப்போனது. அத்தை மதில் பக்கம் நின்று அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கோபம் மட்டும் ஆறவில்லை. வளர்ந்தேன், வெளியூர் போனேன், அத்தை ஓய்வுபெற்று, முதுமையடைந்து, கட்டிலிலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பற்றி நான் சொல்லாத பெருமை இல்லை. ஆனால் உள்ளே ஒரு மூலையில், நீ என்னை நம்பவில்லையே என்ற முள் இருந்துகொண்டே இருந்தது.

போன வருஷம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா கிழங்கு அவித்துச் சாளைமீன் கறியோடு வைத்தாள். நான் வழக்கம்போல் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினேன்.

"இன்னும் விடலியா நீ?" என்று அம்மா சிரித்தாள்.

"நீங்கதான் சிரிக்கணும். அத்தைதான் கடைசிவர என் நாக்க நம்பலியே."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா?"

அன்று கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்ததைச் சொன்னேன். நான் உண்டு என்று சொன்ன பிறகும் எடுத்துத் தின்றாளே என்றேன். அம்மா கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அவங்க தின்னது மொத நாளு சாயங்காலமாக்கும். ஒவ்வொரு வெள்ளியாச்சையும் தின்னுவாங்க. பச்சையா, முனைய வெட்டி. அன்னைக்குக் கிணத்தடியில எங்கிட்ட அதத்தான் சொன்னாங்க. 'எனக்க நாக்குதான் போச்சு, உடம்பு இருக்குல்லா. நான் தின்னுட்டு மறுநாளு காலைல எந்திரிச்சு நின்னாத்தான் உனக்க பிள்ளைக்கு நாக்குல வைக்கக் கொடுப்பேன்'னு."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"தலைவலின்னு கெடப்பாங்க. காலைல எந்திரிச்சிருவாங்க. அந்தக் கடைசிச் செடிக்குத்தான் எந்திரிக்க முடியல. விடியும்முன்னேயே வாந்தி. பிள்ளைக்குக் குடுக்கண்டாம் மைனின்னு நான் சொன்னேன். கெஞ்சினாங்க. 'டைபாயிடு வந்த வயிறுல்லா, அதுனால வந்த வாந்தியாவும் இருக்கலாம்லா, ஒரு பொட்டு நாக்குல தொடட்டும், அவ இல்லைன்னு சொல்லிட்டா…'ன்னு. அவங்க எங்கிட்டக் கெஞ்சினது அந்த ஒருக்காதான்." அம்மா கிழங்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ உண்டுன்னு சொல்லிட்டே. பெறவு அவங்க வயித்துக்கு மறச்சு வைக்க என்ன இருக்கு?"

அப்படியானால் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு என் நாக்குக்காக அல்ல. ஈரத்துணி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளால் அல்ல. 'இன்னொருக்கா பாத்துச் சொல்லு மக்கா' என்று குனிந்தவள் என் வார்த்தையைச் சந்தேகப்படவில்லை. தன் வயிறு சொன்னதை என் நாக்கு மறுத்துவிடாதா என்று பார்த்திருக்கிறாள்.

எத்தனை வெள்ளிக்கிழமைகள் எனக்காக மட்டுமே பயந்து நடுங்கியிருக்கிறேன். பயத்தில் எனக்கு எல்லாமே கண்ணில் பட்டது, தட்டில் முனை வெட்டிய கிழங்கும் பட்டது, காய்ந்த வெட்டும் பட்டது. எலியா என்று கேட்கவும் செய்தேன். பெரிய எலி என்று அவள் பதிலும் சொன்னாள்.

அந்த எலிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.